ஓவன் வேண்டாம், ஓட்ஸும் கட்டாயமில்லை: வீட்டிலேயே சத்தான கிரானோலா பார்

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியில் பேரீச்சம்பழம், பால் பவுடர், சாக்லேட் இவற்றோடு இப்போது கிரானோலா பாரும் வருகிறது. கடலூர், சிதம்பரம் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் பிஸ்கட் அடுக்குக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கலாம். பளபளக்கும் உறை, மேலே தானியக் கதிர் படம், "சத்து நிறைந்தது" என்ற வாசகம். பிள்ளைகள் கேட்கிறார்கள். பிஸ்கட்டைவிட நல்லதுதானே என்று நாமும் வாங்கிக் கொடுக்கிறோம்.

உண்மையிலேயே நல்லதா? அதையே வீட்டில் செய்ய முடியுமா? நம் சகோதரிகள் பலரிடமும் இந்த இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

வீட்டில் செய்யலாம். ஓவன் தேவையில்லை. ஓட்ஸ்கூடக் கட்டாயமில்லை. ஆனால் வீட்டில் செய்துவிட்டோம் என்பதாலேயே ஒரு தின்பண்டம் சத்தானதாகிவிடாது. கிரானோலா பாருக்கும் மிட்டாய்க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான்: அதை ஒட்டவைக்க நாம் ஊற்றும் இனிப்பின் அளவு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பெயர் புதிது, பண்டம் பழையது

1863-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டான்ஸ்வில் என்ற ஊரில் சுகாதார நிலையம் நடத்திவந்த ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்ற மருத்துவர், முழுக் கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டு ஒரு காலை உணவு தயாரித்தார். பாலில் நெடுநேரம் ஊறினால்தான் அதைக் கடிக்க முடியும். அதற்கு அவர் வைத்த பெயர் கிரானுலா. பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் ஜான் ஹார்வி கெல்லாக் அதே போன்ற உணவைத் தயாரித்தார். அவர் வழியாக கிரானோலா என்ற பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் ஓட்ஸ், பருப்பு, தேன் எல்லாம் சேர்ந்து, கையில் எடுத்துத் தின்னும் பாராக மாறியது.

தானியத்தை வறுத்து, பருப்பு வகை சேர்த்து, இனிப்பால் ஒட்டவைத்து, பல நாள் கெடாமல் வைத்துத் தின்பது நமக்குப் புதிதல்ல. பொரிவிளங்காய் உருண்டை, எள்ளுருண்டை, கடலை உருண்டை எல்லாம் இந்த வகைதான். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவை எதற்கும் ஓவன் தேவைப்பட்டதில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கடலை மிட்டாயில் வெல்லப் பாகு கெட்டியாகி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. அதற்கு நிறைய வெல்லம் வேண்டும். நாம் செய்யப்போகும் பாரில் அந்த வேலையின் பெரும்பகுதியைப் பேரீச்சம்பழமும், அரைத்த வேர்க்கடலையும் செய்யும். வெல்லம் துணைக்கு மட்டும்.

உறையைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் வாங்கும் பாரின் முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம்தான் தகவல். அதில் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உட்பொருள் பட்டியல். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பொருட்களுக்குள் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப், கார்ன் சிரப், தேன், வெல்லம் இவற்றில் ஒன்று இருந்தால் அதை ஒரு இனிப்புப் பண்டமாகவே கணக்கில் வையுங்கள். சிலவற்றில் இவை மூன்று நான்கு பெயர்களில் பிரிந்து வரும். கூட்டிப் பார்த்தால்தான் அளவு தெரியும்.

இரண்டாவது, ஊட்டச்சத்துப் பட்டியலில் சர்க்கரை எத்தனை கிராம் என்பது. 4 கிராம் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. பட்டியல் 100 கிராமுக்கா, ஒரு பாருக்கா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, நம் குடும்பங்களுக்கு முக்கியமானது: ஜெலட்டின், கிளிசரால் போன்றவை. பார் மெதுவாக இருப்பதற்காகக் கிளிசரால் சேர்ப்பதுண்டு. அதன் எண் 422. அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். மார்ஷ்மெலோ கலந்த பார்களில் ஜெலட்டின் இருக்கும். இந்தியப் பொட்டலங்களில் பச்சைக் குறியோ பழுப்புக் குறியோ இருப்பதால் ஓரளவு தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருபவற்றில் அந்தக் குறி இருக்காது. ஹலால் முத்திரையையோ, உட்பொருள் பட்டியலையோ படித்துத்தான் தெளிவு பெற வேண்டும். வீட்டில் செய்தால் இந்தச் சந்தேகமே எழாது.

நம் மாவட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் ரோல்டு ஓட்ஸ், பாதாம் வெண்ணெய், மேப்பிள் சிரப், உலர்ந்த கிரான்பெர்ரி என்று பட்டியல் போடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு இது நமக்கானதல்ல என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் அதற்கு ஈடானது நம் பக்கத்திலேயே இருப்பது தெரியும்.

பாதாம் வெண்ணெய் செய்யும் வேலை, எண்ணெய்ப் பசையால் ஒட்டவைப்பது. அதற்கு நம்மூர் மல்லாட்டை போதும். மணிலாக்கொட்டை என்ற பெயர் மருவித்தான் மல்லாட்டை ஆனது. விருத்தாசலம் பகுதியில் அது பெரிய அளவில் விளைகிறது. அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலா வரத்து அறுவடைக் காலத்தில் பெரிய செய்தி. 100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. விலையோடு ஒப்பிட்டால் பாதாமைவிட இதுவே நமக்கு லாபம்.

கிரான்பெர்ரியின் வேலை, கடிக்கும்போது இடையிடையே இனிப்பும் புளிப்பும் தருவது. உலர்திராட்சை அதைச் செய்யும். மேலே அலங்கரிக்கப் பண்ருட்டி முந்திரி இருக்கிறது. முழு முந்திரியைவிட உடைந்த முந்திரி விலை குறைவு. பாருக்கு அதுவே வசதி.

மேப்பிள் சிரப்பின் வேலை ஈரமும் இனிப்பும். அதற்குப் பேரீச்சம்பழம். வளைகுடாவில் ஒருவராவது இருக்கும் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நோன்பு முடிந்து மீதமாகி, ஃபிரிட்ஜில் இறுகிக் கிடக்கும் பழங்களும் இதற்குப் பொருத்தமானவை.

ஓட்ஸுக்கு ஈடாக அவல். சிவப்பு அவல் கிடைத்தால் இன்னும் நல்லது. தவிட்டின் ஒரு பகுதி அதில் தங்கியிருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நார்ச்சத்தில் ஓட்ஸ் அவலைவிட மேல்தான். வீட்டில் ஓட்ஸ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இதற்காகத் தேடிப்போய் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் நாம் சொல்வது. அவலில் குறைகிற நார்ச்சத்தை வேர்க்கடலை, எள், பேரீச்சம்பழம் ஓரளவு ஈடுசெய்யும்.

தேவையான பொருட்கள் (15 துண்டுகளுக்கு)

கெட்டி அவல் – 100 கிராம்
வேர்க்கடலை – 100 கிராம்
பொட்டுக்கடலை – 25 கிராம்
எள் – 25 கிராம்
கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் – 150 கிராம் (நடுத்தர அளவில் ஏறத்தாழ 18 முதல் 20 பழம்)
வெல்லம் – 50 கிராம்
நெய் – 1 தேக்கரண்டி
ஏலக்காய்த் தூள் – அரைத் தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

விருப்பப்பட்டால் உடைந்த முந்திரி, உலர்திராட்சை, வெள்ளரி விதை இவற்றில் ஏதாவது இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் பார் உதிரும். வெனிலா எசன்ஸ் வேண்டாம். பல எசன்ஸ்களில் ஆல்கஹால் கரைப்பானாக இருக்கும். ஏலக்காயின் மணமே போதும்.

வேர்க்கடலையைக் கண்ணால் பார்த்துப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது, வாயில் போட்டால் கசப்பது எதுவும் வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

செய்முறை

1. அடி கனமான வாணலியில் அவலை எண்ணெய் விடாமல் சிறு தீயில் 6 முதல் 8 நிமிடம் வறுங்கள். நிறம் மாறத் தேவையில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். ஆறியதும் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுங்கள். மாவாகக் கூடாது, கெட்டி அவல் பல்லில் உறுத்தாமல் இருந்தால் போதும்.

2. வேர்க்கடலையைச் சிறு தீயில் வறுத்து, தோல் நீக்கிப் புடைத்துக்கொள்ளுங்கள். 60 கிராம் அளவை ஒன்றிரண்டாக உடையுங்கள். மீதி 40 கிராமை மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும். தொடர்ந்தால் எண்ணெய் விட்டு விழுதாகும். அந்த விழுதுதான் நமக்கு வேண்டும். தண்ணீர் சேர்க்கக் கூடாது.

3. எள்ளைத் தனியாக வறுங்கள். படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். பொட்டுக்கடலையைச் சூடு காட்டினால் போதும். உலர்ந்த பொருட்கள் எல்லாவற்றையும் உப்பு, ஏலக்காயோடு ஒரு பெரிய பாத்திரத்தில் கலந்து வையுங்கள்.

4. பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்குங்கள். இறுகிய பழமாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து 10 நிமிடம் மூடிவைத்து, கரண்டியால் மசியுங்கள். மெத்தென்ற பழத்துக்கு நீர் வேண்டாம்.

5. வெல்லத்தை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டுப் பாகு விட்டுப் பாருங்கள். கரையாமல், விரலால் உருட்டினால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். கொஞ்சப் பாகு என்பதால் இது சில நிமிடத்திலேயே வந்துவிடும். அடுப்பை விட்டு நகராதீர்கள்.

6. உடனே நெய்யையும் பேரீச்சம்பழ மசியலையும் பாகில் சேர்த்து, ஈரம் சுண்டி வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வேர்க்கடலை விழுதைக் கலக்குங்கள்.

7. சூடு ஆறுவதற்குள் உலர்ந்த கலவையைக் கொட்டி, முதலில் கரண்டியாலும், கை பொறுக்கும் சூடு வந்ததும் நெய் தடவிய கையாலும் பிசையுங்கள்.

8. 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள தட்டில் பட்டர் பேப்பரோ, நெய் தடவிய வாழை இலையோ விரித்து, கலவையைக் கொட்டிப் பரப்புங்கள். தட்டையான அடிப்பாகம் உள்ள கிண்ணத்தால் மூலை முடுக்கெல்லாம் பலமாக அழுத்துங்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, நீளத்தில் 5, அகலத்தில் 3 என்று வெட்டினால் ஏறத்தாழ 30 கிராம் எடையில் 15 துண்டுகள் கிடைக்கும்.

உதிர்ந்து போவதும் கல்லாவதும் ஏன்?

இதில் இரண்டு புகார்கள்தான் வழக்கமாக வரும். ஒன்று, வெட்டும்போதே உதிர்ந்துபோகிறது. மற்றது, பல் உடைகிற அளவுக்கு இறுகிவிடுகிறது.

உதிர்வதற்கு முதல் காரணம் சரியாக அழுத்தாதது. ஓவனில் செய்யும்போது சூட்டில் இனிப்பு உருகிப் பரவித் தானாகவே ஒட்டும். இங்கே அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும். துகள்களுக்கு நடுவில் காற்று நின்றால் அங்கே விரிசல் விழும். இரண்டாவது காரணம், பேரீச்சம்பழக் கலவை ஆறிய பிறகு உலர்பொருட்களைச் சேர்ப்பது. ஆறினால் அது பரவாது. அப்படி உதிர்ந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். மீண்டும் சிறு தீயில் சூடாக்கி அழுத்தலாம். இல்லாவிட்டால் பாலிலோ தயிரிலோ தூவிச் சாப்பிடலாம். அதுதான் கிரானோலா!

கல்லாவதற்குக் காரணம் பாகின் பதம். வெல்லப் பாகு கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள நீர் குறைந்து, சூடு ஏறும். 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை மெத்தென்ற உருண்டைப் பதம். 146 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரில் விட்ட சொட்டு கண்ணாடிபோல ‘டக்’கென்று உடையும். கடலை மிட்டாய்க்கு உடைபதம் வேண்டும். பாருக்கு உருண்டைப் பதத்திலேயே நிறுத்த வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய மூன்றாவது புகார் ஒன்று உண்டு: நமத்துப்போவது. கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் எல்லாம் கடற்காற்று வீசும் பகுதி. வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். அதனால்தான் அவலை நன்றாக வறுக்கச் சொன்னோம். வறுத்த பொருட்களைச் சூடாக மூடிவைத்தாலும் ஆவி நீராகித் திரும்ப அதிலேயே இறங்கும். ஆறவிட்ட பிறகே மூட வேண்டும்.

வெட்டிய துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள். வெளியில் 3, 4 நாள், ஃபிரிட்ஜில் 10 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் சாப்பிட வேண்டாம்.

"வெல்லம்தானே" என்ற எண்ணம்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. நம் குடும்பங்களில் அத்தாவுக்கோ அம்மாவுக்கோ மாத்திரை டப்பா இல்லாத வீடு குறைவு. அந்த வீடுகளில்தான், "சீனி இல்லை, வெல்லம்தானே, பேரீச்சம்பழம்தானே" என்று சொல்லி இரண்டு துண்டு கூடுதலாகத் தட்டில் வைக்கிறோம்.

வெல்லத்தில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். சிறிதளவு தாதுச் சத்துகள் இருப்பது உண்மை. ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. தேனும் நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்ற கணக்கு. தேனும் இந்தக் கணக்கில் சேரும்.

இப்போது நம் பாரைக் கணக்கிடுவோம். ஒரு துண்டில் ஏறத்தாழ 120 கலோரி, 3 கிராம் புரதம். நாம் சேர்த்த வெல்லம் 3 கிராமுக்குச் சற்றே அதிகம். பேரீச்சம்பழத்தில் இயல்பாக உள்ள சர்க்கரை இன்னும் 6, 7 கிராம். மொத்தம் 10 கிராம் அளவில் நிற்கிறது. இதே தட்டில் 50 கிராமுக்குப் பதில் 200 கிராம் வெல்லம் போட்டால் ஒரு துண்டில் வெல்லம் மட்டுமே 13 கிராமாகிவிடும். கை தாராளம் காட்டும் இடம் இதுவல்ல.

ஆகவே பிள்ளைகளுக்கும், உடல் உழைப்பு உள்ளவர்களுக்கும் நாளுக்கு ஒரு துண்டு நல்ல தின்பண்டம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மருந்துமல்ல, தாராளமாகச் சாப்பிடக்கூடியதுமல்ல. மருத்துவர் அனுமதித்தால் அரைத் துண்டு, அதுவும் வேறொரு இனிப்புக்கோ பிஸ்கட்டுக்கோ பதிலாக. அவர்களுக்கென்றே செய்வதானால் வெல்லத்தை முழுதாக விட்டுவிடலாம். பேரீச்சம்பழத்தை 100 கிராமாகக் குறைத்து, அரைத்த வேர்க்கடலை விழுதைக் கூட்டி, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடியுங்கள். பார்போல இறுகாது, ஆனால் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

யாருக்கு, எப்போது?

பள்ளிக்கு: பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாக ஒரு துண்டு. வகுப்பில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் பகிர்ந்து சாப்பிடுவார்கள் அல்லவா?

சிறு குழந்தைகளுக்கு: 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுக் கடலையோ பெரிய துண்டுகளோ தொண்டையில் சிக்கலாம். எல்லாவற்றையும் பொடித்து, மென்மையான உருண்டையாகப் பிடித்து, பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள். வெல்லத்துக்குப் பதில் தேன் சேர்த்தால், ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

நோன்பு காலத்தில்: ஸஹரில் பசியில்லாமல் வெறும் தேநீரோடு எழுந்துவிடும் இளம் பிள்ளைகளுக்கு, ஒரு துண்டும் ஒரு டம்ளர் பாலும் வெறும் வயிற்றைவிட மேல். ஸஹர் உணவுக்கு அது ஈடாகாது. தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும். நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு தட்டு செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அதிகாலை வேலை குறையும்.

பயணத்தில்: சென்னைக்குப் பேருந்தில் போகும்போதும், விடுதியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது கை கொடுக்கும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு வீட்டிலிருந்து போகும் பலகாரப் பையில் முறுக்கோடு இதையும் வைக்கலாம்.

கைப்பழக்கம் வந்த பிறகு விற்பனைக்குச் செய்யலாமே என்று சில சகோதரிகளுக்குத் தோன்றும். செய்யலாம். வீட்டில் சிறிய அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். உறையில் செய்த தேதியையும், வேர்க்கடலை, எள் இருப்பதையும், எவ்வளவு வெல்லம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மற்றவர்களின் உறையில் நாம் தேடிய உண்மை நம் உறையிலும் இருக்க வேண்டும்.

முதல் முறை இங்கே சொன்ன அளவிலேயே செய்து பாருங்கள். அடுத்த முறை அவலில் பாதியைக் கம்புப் பொரியாகவோ வறுத்த தினையாகவோ மாற்றலாம், எள்ளைக் கூட்டலாம், முந்திரி சேர்க்கலாம். தானியத்தையும் பருப்பையும் உங்கள் வீட்டு ருசிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வெல்லம் மட்டும் அந்த 50 கிராமைத் தாண்ட வேண்டாம். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஐந்து கிராம் குறைத்துக்கொண்டே வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நாலைந்து முறையில் பிள்ளைகளின் நாக்கு அந்தக் குறைந்த இனிப்புக்கே பழகிவிடும்.